ஒரே பாய்லர், ஒரே மீட்டர்

1954 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். குழாயடியில் நான்கு குடம் தண்ணீர் பிடித்தேன். ஆறு மணிக்கு உப்பில்லாத கஞ்சி. ஆறேகாலுக்கு நாட்குறிப்பில் 'உடல்நிலை திருப்தி' என்று எழுதினேன். அன்று மாலை ராயபுரத்தில் எங்கள் வீட்டில் மகள் கமலாவுக்கு நிச்சயதார்த்தம். நான் எழுதியதிலேயே பெரிய பொய் அந்த இரண்டு சொற்கள்தான்.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் அறையில் எனக்கு வேலை. அரை மணிக்கு ஒரு முறை மீட்டர் முள்ளைப் பார்த்து, அழுத்தத்தைப் புத்தகத்தில் எழுத வேண்டும். பதினெட்டு வருடம் இதையே செய்தவனுக்கு உலகமே ஒரு பாய்லராகத் தெரியும்.

அந்த வருடம் தை மாதம் கண் டாக்டர், "இடது கண்ணுக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்கு. கிளாக்கோமான்னு பேரு. வலிக்காது, ஓரத்துலேர்ந்து பார்வையைத் தின்னுக்கிட்டே வரும். சொட்டு மருந்தை ஒரு நாளும் விட்டுடாதீங்க" என்றார். அதே மாதம் தொழிற்சாலை டாக்டர் ரத்தக்கொதிப்பு என்று மாத்திரை கொடுத்து உப்பை நிறுத்தினார்.

சொட்டு மருந்து விட்டால் புருவம் வலிக்கும், பார்வை மங்கும். (மீட்டர் முள்ளே மங்கினால் என் கௌரவம் என்ன ஆவது?) சித்திரையில் ரத்தக்கொதிப்பு இறங்கியது. நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்: உடம்பு ஒரே பாய்லர். கையில் கட்டிப் பார்த்த அழுத்தம் இறங்கினால் கண்ணிலும் இறங்கித்தானே இருக்கும்?

கரி தள்ளும் முனுசாமியிடம் இதைப் பெருமையாக விளக்கினேன்.

"இன்னா சார் நீ! மெயின் குழாய்ல அழுத்தம் இறங்கினா அடைச்சுகினு கீற குழாய்லயும் இறங்கிடுமா? அத்த தனியா தொறந்து வுட்டாத்தான் இறங்கும்."

"உனக்கு வைத்தியம் தெரியுமா?"

"வைத்தியம் தெரியாது சார். குழாய் தெரியும்."

அன்றே நாட்குறிப்பில் 'சொட்டு மருந்து நிறுத்தம்' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் அப்பா துறைமுகத்தில் லாஞ்சுப் படகு ஓட்டும் சாரங்கு. வரவேற்க வாசலில் நின்றேன். அவர் என் இடப்பக்கமாக வந்து கும்பிட்டாராம். மறுபடி கும்பிட்டாராம். மூன்றாவது கும்பிட்டுக்கும் நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். (இந்த 'ஆம்' எல்லாம் என் மனைவி தனம் பிறகு சொன்னது.)

தாம்பாளம் மாற்றும் நேரம். தட்டோடு இடப்பக்கம் திரும்பினேன். விளிம்பு நேராக அவர் மூக்கில் இடித்தது. பதறிப் பின்வாங்கிய என் கால், பந்திக்காக இடப்பக்கம் இறக்கி வைத்திருந்த பாயசக் குண்டானுக்குள் போயிற்று. அது சூடாக இருந்தது.

"வாசல்ல மூணு தபா கும்பிட்டேன், கண்டுக்கல. இப்போ மூக்க ஒடைக்கிற. பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா வாயால சொல்லுய்யா!" என்று அவர் எழுந்துவிட்டார். கமலா அழத் தொடங்கினாள்.

"எப்போ கும்பிட்டீங்க?" என்றேன் நான். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். கிட்டே வந்து உள்ளங்கையால் என் வலது கண்ணை மூடி, மறு கையை என் இடப்பக்கம் தூக்கினார்.

"எத்தினி வெரலு?"

"கை எங்கே இருக்கு?" என்றேன்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை இறக்கினார். "இடப்பக்க வெளக்கு அணைஞ்சிடுச்சுன்னா நாங்க லாஞ்சயே எடுக்க மாட்டோம், சம்பந்தி. நீ எத்தினி நாளா இப்டி ஓட்டிகினு கீற?"

அந்த 'சம்பந்தி' என்ற ஒரு சொல்லில் கல்யாணம் பிழைத்தது. என் இடது கண்ணின் ஓரம் பிழைக்கவில்லை. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் கண் டாக்டர். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு. ஒன்று இறங்கியதைப் பார்த்து மற்றதை விடக்கூடாது என்று எனக்குப் புரியும்வரை மூன்று முறை சொன்னார். முனுசாமி ஒரே முறையில் சொல்லியிருந்தான்.

இன்றும் பந்தியில் பாயசம் வந்தால் மருமகன், "மாமா, இடப்பக்கம் குண்டான்!" என்று குரல் கொடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். தனம் மட்டும் சிரிப்பதில்லை. அந்தச் சிவப்பு வரியை நான் எழுதியபோது அவள் பக்கத்தில் இருந்தாள்; டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொன்னாள்.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் காலையும் ஐந்தேகாலுக்கு எழுந்தேன். குழாயடிக்குப் போகவில்லை. முனுசாமி வீட்டுக் கதவைத் தட்டி, கண்ணாஸ்பத்திரிக்குத் துணை வரக் கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டே, "எந்தப் பக்கம் சார்?" என்று மட்டும் கேட்டான்.

"இடது" என்றேன். அந்தப் பக்கமாக வந்து நடந்தான்.