விண்கல்லும் பெண் வீட்டாரும்

கல்யாணம் ஆகாதவன் வானத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தாலும், பார்த்ததை நம்பக் கூடாது.

நான் இரண்டையும் செய்தேன். புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றிருந்த ஒரு மாலையில், பச்சை வெளிச்சம் ஒன்று சத்தமே இல்லாமல் வழுக்கி இறங்கி, எங்கள் நிலக்கடலைக் காட்டுக்கு மேலே அணைந்தது. (காட்டுக்கு மேலே என்பது என் கணிப்பு. வங்காள விரிகுடாவாகவும் இருந்திருக்கலாம்.) பூமியைவிட வயதான கல் ஒன்று எங்கள் மண்ணுக்குள் தூங்குகிறது என்ற நினைப்பே போதையாக இருந்தது. விண்கல்லில் இரும்பு உண்டு என்று படித்து, ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன்.

அது வந்த வார ஞாயிற்றுக்கிழமைதான், மோகனூரிலிருந்து பெண் வீட்டார் எங்கள் காடு, தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. மதியம்தான் வருவார்கள் என்று நம்பிக் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

கடலை பிடுங்கிய வெற்றுக் காடு. இளவெயில். ஹெட்போனில் மெல்லிய ரீங்காரம். நடக்க நடக்கச் செவ்வாய்க் கிரகத்துக்கே போய்விட்டேன், வேட்டியை மடித்துக் கட்டிய முதல் விண்வெளி வீரனாக.

வரப்போரத்தில் கருவி திடீரென்று அலறியது. கடப்பாரையால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் கறுப்பாக, உருண்டையாக, இரும்பு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

யாரோ தோளைத் தட்டினார்கள். ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால் அப்பா. அவர் பின்னால் வெள்ளை வேட்டியில் பெண்ணின் அப்பா, பட்டுப்புடவையில் பெண்ணின் அம்மா. பிடிவாதமாகக் கூடவே வந்திருந்த பெண், கவிதா.

"ஏனுங்க, மாப்ள என்ன பண்றீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"வானத்துல இருந்து உழுந்ததுங்க மாமா! கிட்ட வந்து பாருங்க!"

அவர் குனிந்தார். நான் கடைசியாக ஒரு நெம்பு நெம்பினேன்.

அது தென்னைக்குப் போகிற பைப்லைனின் கேட் வால்வு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழுந்தது. (சரி, ஆள் உயரம்.) அதன் நடுவே ஒரு குட்டி வானவில் அழகாக நின்றது. வானவில்லுக்குக் கீழே மாமா மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா மோட்டார் ரூமுக்கு ஓடினார்.

தண்ணீர் நின்றது. சம்பந்தம் தண்ணீரோடு போயிற்று என்று நினைத்தேன். கவிதா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி வந்தாள்.

"நெசமாலுமே பாத்தீங்களா?"

"பச்சையா இருந்துச்சுங்க."

"நானும் பாத்தனுங்க. ஆத்து மேல போச்சு" என்றவள், டிடெக்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மாமா வேட்டியைப் பிழிந்தபடி அப்பாவிடம் சொன்னார்: "நாள் பாத்துருவோமுங்க. இதுக ரெண்டும் ரெண்டு ஊட்டுல எதுக்குங்க, ஒரே ஊட்டுல இருக்கட்டும்."

விண்கல் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இப்போதும் நான் மோகனூர் போனால், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"ஏனுங்க, மாப்ள வந்துட்டாரு. மோட்டார நிறுத்திப் போடுங்க!"