ராஜம்மா தலையில் ஒரு குடம் தண்ணீர்

புது ஊருக்குக் குடிவந்தவர்கள் முதல் ஒரு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது நல்லது. இது எனக்கு இப்போது தெரிகிறது. பத்தொன்பது வயதில், எனக்கு வராத கலைகளில் முதலாவது சும்மா இருப்பது (இரண்டாவது சமையல்).

அறுபதுகளின் நடுவில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து, கொஞ்ச காலம் முகாமில் கிடந்துவிட்டு, அம்மாவும் நானும் திருத்தணிக்கு வந்து சேர்ந்தோம். என் தாத்தா இந்தப் பக்கத்து நெசவுக்காரர் என்பதுதான் ஊரோடு எங்களுக்கிருந்த ஒரே ஒட்டுறவு. கடையை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று அப்பா அங்கேயே நின்றுவிட்டார். பார்த்தவர்கள் எல்லாம் சொந்த நாட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று சந்தோஷப்பட்டார்கள். நான் பிறந்ததும் படித்ததும் வம்பு வளர்த்ததும் ரங்கூனில். எனக்கு இது வெளிநாடு.

ராஜம்மா வீட்டின் பின்பக்க அறை கிடைத்தது, அதுவும் தற்காலிகமாக. ஆண் துணை இல்லாத குடும்பம், பர்மாவிலிருந்து வந்தவர்கள், பெண் வேறு லுங்கி கட்டுகிறாள். ராஜம்மாவுக்கு ஆயிரம் யோசனை. "வருசப் பொறப்பு போவட்டும். வெச்சிக்கிறதா வேணாமான்னு அப்பால சொல்றேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்றால் மறுபடியும் முகாம்தான். அந்தப் பெயரைக் கேட்டாலே அம்மாவுக்குக் கண் கலங்கும்.

வருஷப் பிறப்பு வந்தது. ரங்கூனில் அதே சமயத்தில்தான் தண்ணீர்த் திருவிழா. தெருவில் போகிற யார் மேலும் தண்ணீர் ஊற்றலாம், போலீஸ்காரர் மேல்கூட. போன வருஷத்துப் பீடையெல்லாம் போகட்டும் என்று அதற்கு அர்த்தம். நனைந்தவர் சிரித்துக்கொண்டே வாழ்த்திவிட்டுப் போவார். பெரியவர்களுக்கு மட்டும் வாசனைத் தண்ணீரை இலைக்கொத்தால் தொட்டு மெதுவாகத் தெளிப்போம். ராஜம்மாவின் மனத்தைக் கரைக்க இதைவிட நல்ல வழி இருக்க முடியாது என்று என் அறிவு சொன்னது.

சந்தனத்துக்கு எங்கே போவது? மஞ்சளைக் கரைத்தேன். பின்னால் நின்ற வேப்ப மரத்தில் ஒரு கொத்து ஒடித்துப் போட்டேன். மெதுவாகத் தெளித்தால் மரியாதை குறைந்துவிடும் என்று, சித்திரை வெயிலில் அம்மா அடிக்கிணற்றிலிருந்து சேந்தி வைத்திருந்த குடத்தையே தூக்கிக்கொண்டு போனேன்.

ராஜம்மா புதுப் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, மலைக்குப் போகத் தேங்காய்த் தட்டோடு வாசலில் இறங்கினார். பின்னாலிருந்து முழுக் குடத்தையும் அன்போடு கவிழ்த்தேன்.

தெருவே நின்றது. ராஜம்மாவின் தலையில் வேப்பங்கொத்து, முகத்தில் மஞ்சள் தண்ணீர். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் மூட்டை முடிச்சுகள் முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

"இன்னாடி, என்ன ஆடுன்னு நெனச்சிகினியா?"

எனக்குப் புரியவில்லை. அம்மன் கோயிலில் ஆட்டை வெட்டுமுன் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் கொடுத்துவிட்டதாக அர்த்தம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அம்மா ஓடி வந்து ராஜம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் ரங்கூன் வழக்கத்தை விளக்க ஆரம்பித்தேன் (வாயையாவது மூடியிருக்கலாம்). அதற்குள் காதில் தண்ணீர் போய்விட்டதால், ராஜம்மா தலையை உலுக்கி உடம்பையே ஒரு சிலுப்புச் சிலுப்பினார்.

அவருடைய கணவர் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி எதிரில் அவர் வாயைத் திறந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"சிலுப்பிட்டியே ராஜம்மா," என்றார் நிதானமாக. "உத்தரவு குட்த்தாச்சி. இனிமே வூடு இல்லன்னா சாமி குத்தம்."

தெரு சிரித்தது. ராஜம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். நாங்கள் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினியாக உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் திரும்பி வந்தவர் விபூதியை அம்மா கையில் கொடுத்தார். மூட்டையைப் பார்த்தார். "அவுத்து வைங்க. அடுத்த வருசம் சொம்புல ஊத்தச் சொல்லுங்க, போதும்" என்றார். அம்மா அழுதாள். நானும்தான்.

கதை அதோடு முடியவில்லை. அப்பா வந்து சேர்ந்த பிறகு, ராஜம்மா தன் தம்பிக்கு என்னைப் பெண் கேட்டார். அப்பா, பொங்கல் கழியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தார். ராஜம்மா மறுபேச்சுப் பேசாமல் பின்பக்கம் போய், ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து என் தலையில் கவிழ்த்தார். மார்கழி மாசம். உடம்பு தானாக உதறியது.

இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை வந்தால் என் வீட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான்: "நானா கேட்டேன்? நீதான சிலுப்புன."

குளிரில் யாராக இருந்தாலும் உதறத்தான் செய்யும் என்று நானும் விடாமல் சொல்லி வருகிறேன். பிடிக்காமல் இருந்திருந்தால் விறைத்துக்கொண்டு அப்படியே நின்றிருப்பேன் என்பதை மட்டும் இதுவரை அவரிடம் சொன்னதில்லை.