கடைசி சீன் முதல்ல

ஒரு ராஜா முடிசூடி, நாட்டை இழந்து, காட்டில் விறகு வெட்டி, மறுபடி முடிசூட எவ்வளவு நேரம் ஆகும்? கோயில் கொடை விழாவில் போட்டால் விடிய விடிய ஆகும். எங்கள் விசில் சார் கையில் கொடுத்தால் சூடான டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இத்தனை ராஜாக்களை இத்தனை வேகமாக ஆட்சியிலிருந்து இறக்கியவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

விசில் சார் எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். நாகர்கோவிலுக்குத் தெற்கே, கடல் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்த பள்ளி. நான் அங்கே தமிழாசிரியை. ஆண்டு விழாவுக்குப் பழைய ராஜா நாடகம் எழுதுவது என் பொறுப்பு. முன்பெல்லாம் மேடையேற்றியதும் நான்தான். ஒரு வருஷம் என் நாடகம் முடிகிற வழியாக இல்லை. வேன் டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து ஹாரன் அடித்தே அதை முடித்து வைத்தார்கள். மறுநாள் ஹெச்.எம். மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "நாடகம் போடத் தெரிஞ்ச ஆள் வேண்டாம் டீச்சர். நிறுத்தத் தெரிஞ்ச ஆள் போதும்."

இருபது நிமிடம் என்று விதி வந்தது. கூடவே விசிலும் வந்தது.

"இது என்ன டீச்சர், பக்கம் பக்கமா போர் நடக்கு?" என்றார், முதல் நாளே சிவப்புப் பேனாவோடு.

"சார், அதுதான் நாடகத்துக்கே உயிர்."

"வேண்டாம். டாஸ் போட்டுருவோம்."

போட்டார். மேடை நடுவில் இரண்டு ராஜாக்கள் நிற்க, சேவகன் காசைச் சுண்ட, பூ கேட்ட ராஜா நாட்டை இழந்தார். ஜனங்கள் ரசித்துக் கை தட்டினார்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. இன்னொரு வருஷம் ராணிக்கு மசக்கை என்று தோழி சொன்னாள். அடுத்த வசனத்தில் இளவரசருக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

ஒத்திகை மைதானத்தில்தான் நடக்கும். ஒரு ரவுண்டு ஓடிவிட்டு வந்துதான் வசனம் பேச வேண்டும். மூச்சு இரைக்கிறவன் நீளமாகப் பேச மாட்டான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஓரத்து பெஞ்சில் மாற்று ராஜா ஒருவன் தயாராக உட்கார்ந்திருப்பான். ராஜா வசனத்தை மறந்தால் விசில். கிரீடம் கை மாறும். ஒல்லி ராஜா போய்க் குண்டு ராஜா வந்தது தெரியாமல் ராணி "பிரபோ" என்று உருகிக்கொண்டிருந்ததும் உண்டு. அழுகைக்கு மட்டும் அடியோடு தடை.

"ஏட்டி, அழணும்னா வீட்டுல அழுதுட்டு வா. ஸ்டேஜ்ல நேரம் கெடயாது."

போன வருஷம் ராணி வேஷம் மெர்லினுக்கு. கடற்கரைப் பிள்ளை, கணீரென்ற குரல். மந்திரியின் சூழ்ச்சியால் ராஜா காட்டுக்குப் போய்விட, கடைசிக் காட்சியில் ராணி சபைக்கு வந்து நியாயம் கேட்டு முடியை மீட்கிறாள். ராணிக்கு அந்த ஒரு காட்சிதான். ஒன்றரைப் பக்கம் நான் உருகி உருகி எழுதிய வசனத்தை சார் நாலு வரியாக நறுக்கியிருந்தார். மெர்லினுக்கு அதில் வருத்தமில்லை. அவளுடைய அப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மகள் மேடையேறி அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இப்போது லீவில் வந்திருந்தார். ஆனால் விழா அன்று ராத்திரியே திருவனந்தபுரத்தில் அவருக்கு விமானம்.

"நாலு மணிக்கு ஆரம்பிச்சா அப்பா பாத்துட்டே போயிரலாம் டீச்சர்" என்று தினமும் என்னிடம் சொல்வாள். சிறப்பு விருந்தினர் என்று ஒருவர் உண்டு என்பதைப் பிள்ளை மறந்துவிட்டது.

அவர் வந்து சேரவே ஐந்தரை ஆயிற்று. வந்தவர் மைக்கைப் பிடித்து, தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த கதையிலிருந்து தொடங்கினார். அவர் ஐந்தாம் வகுப்பு பாஸ் ஆனபோது மெர்லினின் அப்பா மேடைக்குப் பின்னால் வந்தார். கேட்டில் கார் நின்றது, மேலே கயிறு கட்டிய பெட்டிகளோடு.

"சாறே, இப்பப் பொறப்படணும். களியக்காவிளையில பிளாக்குல மாட்டினா பிளைட் போயிரும். எனக்க மவ எப்ப வருவா?"

"கடைசி சீன்ல" என்றார் விசில் சார்.

அப்பா வாட்சைப் பார்த்தார். மகள் தலையில் கை வைத்து, "நல்லா நடி மக்கா. அம்மைக்க போன்ல வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு, என்னா?" என்றுவிட்டுத் திரும்பி நடந்தார். மெர்லின் முகத்தில் ரோஸ் பவுடர் இரண்டு கோடாகக் கரைந்து இறங்கியது.

"ஏட்டி, அழாத. பவுடர் தீந்துபோச்சு" என்றார் சார். பிறகு அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வாசலுக்கு ஓடி அந்த மனிதரைக் கேட்டருகே நிறுத்தி ஏதோ சொல்லிவிட்டு, ஓட்டமாகத் திரும்பி வந்தார்.

"ஏலே, எல்லாரும் வாங்க! கடைசி சீன் மொதல்ல!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், கதை என்ன ஆவது?"

"கதை எங்க டீச்சர் ஓடிப் போவப் போவுது? கார் போயிரும்."

"விருந்தினர் இன்னும் எட்டாங்கிளாஸே தாண்டல்லியே?"

அவர் விசிலை வாயில் வைத்து ஊர் முழுக்கக் கேட்கும்படி ஊதினார். அந்த விசிலுக்கு எழுந்து நின்று பழகிய பிள்ளைகள்! மொத்தப் பள்ளியும் எழுந்து நின்றது. விருந்தினர் தனக்குத்தான் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ, பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஹெச்.எம். மேடம் பார்த்த பார்வையிலேயே மெமோ தெரிந்தது.

திரை விலகி மெர்லின் வந்தாள். கேட்டருகே அவள் அப்பா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். நாலு வரியையும் சொன்னாள். நிறுத்தவில்லை. ஐந்தாவது வரி வந்தது, சார் சிவப்பு மையில் அடித்த வரி. ஒன்றரைப் பக்கத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள், என் செல்லம்! குரல் உடைந்தது, அழுதாள், அழுதுகொண்டே நியாயம் கேட்டாள். டிரைவர் ஹாரன் அடித்தான். நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். விசில் வாயில் இருந்தது, கன்னம் உப்பியிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. ராணி முடியை மீட்டாள். முதலில் கேட்டருகே ஒரே ஒரு ஆள் கை தட்டினார். அப்புறம்தான் கூட்டம் தட்டியது. கார் கிளம்பிப் போயிற்று.

அடுத்து முதல் காட்சி. சற்று முன் விலங்கு மாட்டி இழுத்துப் போன மந்திரி, மீசையை முறுக்கிக்கொண்டு மறுபடி வந்தான்.

"ஏய், இவன இப்பதானே ஜெயில்ல போட்டாவ?" என்றார் முன்வரிசைப் பெரியவர்.

"ஜாமீன்ல வந்திருப்பான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ராஜா நாட்டை இழந்து, காட்டில் விறகு வெட்ட, திரை விழுந்தது. "ராஜா காட்டுலயே கெடக்கானே, மிச்சம் எங்க?" என்று கூட்டத்தில் கூச்சல்.

சார் மைக்கை வாங்கினார். "மிச்சத்த நீங்க மொதல்லயே பாத்தாச்சு. எல்லாரும் வேன்ல ஏறுங்க!"

விருந்தினர், இது நவீன நாடகம் என்று புகழ்ந்து, தனக்குப் போட்ட சால்வையை சாருக்குப் போர்த்தினார். ஹெச்.எம். மேடமும் கை தட்ட வேண்டியதாயிற்று. மெமோ வரவில்லை.

மறுநாள் கேட்டேன்: "ஏன் சார், அவ நேரத்தத் தாண்டியும் விசில் அடிக்கல்ல?"

"அடிச்சேன் டீச்சர்" என்றார், பந்துக்குக் காற்றடித்தபடியே. "காத்து வரல்ல."

வருகிற ஆண்டு விழாவோடு அவர் ஓய்வு பெறுகிறார். நான் புது நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்றே நீளமாக எழுதுகிறேன். மனுஷன் ஆசை தீர வெட்டட்டும்.