கைகாட்டியே மரம் சாய்ப்பவர்

நம் ஊர்களில் ஓர் இனம் உண்டு. கோடரியைத் தொடமாட்டார், கயிற்றைப் பிடிக்கமாட்டார், சட்டையில் தூசி ஒட்ட விடமாட்டார். ஆனால் எங்கே ஒரு வேலை நடந்தாலும், வேலைக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே வந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றி நின்றுவிடுவார். இன்னொரு கை சும்மா இருக்காது. தெருவில் லாரி பின்னால் வந்தால் "வரட்டும், வரட்டும், ரைட்டுல ஒடி" என்று காற்றைத் துடைக்கும். மாடிக்குப் பீரோ ஏற்றினால் படியின் நடுவில் நின்று வழியை அடைத்துக்கொண்டு வழிகாட்டும். போர் போடுகிற இடத்தில், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பூமாதேவிக்கே ஞாபகப்படுத்தும். இவருக்குச் சம்பளம் கிடையாது. கூப்பிட்டவர் யாரும் கிடையாது. போகச் சொன்னாலும் போகமாட்டார். ஏன் போகவேண்டும்? அவர் போய்விட்டால் வேலை எப்படி நடக்கும்?

இவரைப் பழித்து எழுத நமக்குத் தகுதி போதாது. இதை எழுதுகிற கையும் பாதி நேரம் அப்படி ஆடிக்கொண்டிருந்த கைதான். ஆகவே சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற பாசத்தோடுதான் பேசப்போகிறோம். சொந்தக்காரர்களைப் பற்றி நாம் எப்படிப் பேசுவோம் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த இனத்தின் கல்வி, கலை, வீரம் எல்லாம் ஒருசேர வெளிப்படுகிற நாள் ஒன்று உண்டு. வீட்டையொட்டி நிற்கும் பெரிய மரத்தை வெட்டுகிற நாள்தான் அது. ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் குடியிருக்கும் கோகுலகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் திருத்தணிப் பக்கம். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜ். கம்பெனி பஸ்ஸில் நாகலாபுரம் வழியாகப் போய்வருகிறவர். மனைவி வரலட்சுமியின் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டதால் தெரு முழுவதற்கும் அவர் மாப்பிள்ளை. ஆகவே அவருடைய யோசனைகளைத் தெருவே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாக வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் வரலட்சுமியின் தறி ஷெட். நான்கு விசைத்தறிகள், மேலே தகரக் கூரை. நகரித் தமிழில் அதற்கு 'செட்டு' என்று பெயர். அதையொட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். போன மழையில் அதன் கவட்டை பிளந்து, மரம் செட்டின் பக்கமாகத் தலையைச் சாய்க்கத் தொடங்கியது. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் தறிச் சத்தத்தையும் மீறி ஒரு முனகல் கேட்கும். வரலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா வீட்டுச் சீரையும் தன் உழைப்பையும் போட்டு அவள் உண்டாக்கிய உலகம் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் இருந்தது. மரம் அதன்மேல் விழுந்தால் மறுபடி ஆரம்பிக்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். மரத்தை வெட்டுவது என்று அவள் முடிவு செய்தாள். எப்படி வெட்டுவது என்று அவர் முடிவு செய்தார்.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் உலகத்து மரங்கள் எல்லாம் விழுந்துகொண்டே இருந்தன. பார்த்ததை அவர் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது சோற்றுக் குவியலில் ஒரு முருங்கைக்காய்த் துண்டை நட்டுவைத்துப் பாடம் எடுத்தார்.

"மரம் எந்தப் பக்கம் விழணுமோ அந்தப் பக்கம் மொதல்ல வாய் தொறந்த மாதிரி ஒரு வெட்டு. அப்பறம் முதுகுல ஒரு வெட்டு. ரெண்டுத்துக்கும் நடுவுல கொஞ்சம் மரத்தை வெட்டாம வுட்டுடணும். அது கதவுக் கீல் மாதிரி நின்னு, மரத்தை அந்தப் பக்கமே திருப்பிப் படுக்க வைக்கும். முதுகு வெட்டு மூடிக்காம இருக்க, அதுல ஆப்பு அடிக்கணும். ஆப்புதான் முக்கியம்!"

"மொதல்ல துன்னுங்க" என்றாள் வரலட்சுமி.

வெதுருகுப்பத்திலிருந்து மரம் வெட்டுகிற சுரேஷ்பாபுவை வரச் சொன்னது அவள்தான். ஆனால் அவரிடம் போனில் பேசும் பொறுப்பைக் கோகுலகிருஷ்ணன் பிடுங்கிக்கொண்டார். கம்பெனியில் கற்ற தெலுங்கு அவரிடம் நிறைய இருந்தது. அதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டாமா? "செட்டுக்கி ஏமீ காகூடதண்டி" என்று கண்டிப்பாகச் சொன்னார். செட்டுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பது அவர் கருத்து. தெலுங்கில் செட்டு என்றால் மரம். மரத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்றால் எதற்காக நம்மைக் கூப்பிடுகிறார் என்று சுரேஷ்பாபு நெடுநேரம் யோசித்திருக்கிறார். பிறகு வரலட்சுமி போனை வாங்கி விஷயத்தைச் சொல்லிமுடித்தாள்.

குறித்த நாளில் சுரேஷ்பாபு தம் ஆட்களோடும் பெட்ரோல் ரம்பத்தோடும் வந்தார். லைன்மேன் வந்து அந்தத் தெருவுக்குக் கரண்ட்டை நிறுத்திவிட்டுப் போனார். செட்டின் மேலே நீண்டிருந்த கிளைகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி, அறுத்து, மெல்ல இறக்கினார்கள். கோகுலகிருஷ்ணன் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக யோசனை சொன்னார். கொஞ்சம் அப்படி, கொஞ்சம் இப்படி, கயிற்றை அங்கே கட்டாதே, இங்கே கட்டு. எல்லாம் நல்ல தெலுங்கில். சுரேஷ்பாபு ஒவ்வொன்றுக்கும் "அலாகே சார்" என்றார். அப்படியே ஆகட்டும் என்பது அதன் பொருள். காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அதன் உட்பொருள். சொல்லப்போனால் சுரேஷ்பாபுவும் பெரிய கண்டிப்புக்காரர் அல்ல. ஒரு கையில் ரம்பமும் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனுமாக, வேறெங்கோ நிற்கிற இன்னொரு மரத்தை விலை பேசிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் அடுத்த வீட்டுப் பச்சையப்பன் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். ஒரு மரத்தடியில் இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் நின்றால் வேலை தாமதமாகும். இருவர் நின்றால்?

"இன்னா மாப்ள, மரத்தைக் கெழக்கால சாய்க்கச் சொல்லு."

"கெழக்கால உங்க வூடு இருக்குது மாமா."

"அதான் சொல்றேன். என் வூட்டு மேல வுழாத மாதிரி கெழக்கால சாய்க்கச் சொல்லு."

இருவரும் திசைகளைப் பங்குபோட்டு முடிப்பதற்குள் கிளைகளெல்லாம் கீழே வந்துவிட்டன. மொட்டை மரம் மட்டும் நின்றது. கவட்டை பிளந்திருந்ததால் அதற்கு மேலே ஏறித் துண்டு துண்டாக அறுக்க ஆள் மறுத்துவிட்டான். அது நியாயம்தான். ஆகவே அடிமரத்தோடு அறுத்து, செட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த காலி மனையில் சாய்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று. உச்சியில் கட்டிய கயிற்றைக் காலி மனையின் கடைசிவரை இழுத்துக்கொண்டுபோய் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். வரலட்சுமி அவர்கள் பக்கத்தில் போய் நின்றாள். அவள் கண் செட்டைவிட்டு நகரவில்லை.

இப்போது கோகுலகிருஷ்ணனுடைய முக்கியமான கட்டம் வந்தது. பாதுகாப்பு! செட்டுக்குள் இருந்தவர்களை வெளியேற்றினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களை அதட்டித் தெருமுனைவரை தள்ளினார். தறி நூலை எடுத்து, யாரும் தாண்டக் கூடாது என்று குறுக்கே கட்டினார். பச்சையப்பனின் தலையைக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார். இத்தனையும் செய்துவிட்டு, முதுகு வெட்டு நன்றாகத் தெரிகிற இடம் எதுவென்று பார்த்து, மரத்துக்குப் பின்னால் செட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். மேற்பார்வை பார்ப்பவருக்கு எல்லாம் தெரிய வேண்டும் அல்லவா?

வாய் வெட்டு முடிந்தது. சுரேஷ்பாபு பின்பக்கம் வந்து முதுகு வெட்டைத் தொடங்கினார். ரம்பம் அலறியது, மரத்தூள் பறந்தது. ஆப்புகள் கோணிப்பையில் இருந்தன. கோணிப்பை தரையில் இருந்தது. கோகுலகிருஷ்ணன் வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பம் போன வழி முதலில் கோடாகத் தெரிந்தது; பிறகு அந்தக் கோடு மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. மரம் காலி மனைப் பக்கம் போகாமல் பின்னால் உட்காருகிறது. செட்டின் பக்கம் உட்காருகிறது!

அவருக்குப் புரிந்துவிட்டது. இதைச் சொல்லியாக வேண்டும்: அந்த இடத்தில் அது முதலில் புரிந்தது அவருக்குத்தான். போனில் பார்த்த மரங்கள் எல்லாம் வீண்போகவில்லை. தொண்டை கிழியக் கத்தினார்.

"ஆப்பு! ஆப்பு!"

காலையிலிருந்து சொன்ன உதவாத யோசனைகள் எல்லாம் தெலுங்கில் போய்ச் சேர்ந்தன. உருப்படியான ஒரே ஒரு யோசனை பதற்றத்தில் தமிழில் வந்து தொலைந்தது. தெலுங்கில் 'ஆபு' என்றால் நிறுத்து. சுரேஷ்பாபு ரம்பத்தை நிறுத்தினார். கயிற்றுக்காரர்கள் இழுப்பதை நிறுத்தினார்கள். கயிறு தொய்ந்தது. மரம் இன்னும் கொஞ்சம் வசதியாகப் பின்னால் சாய்ந்தது.

"யோவ், ஆப்புய்யா! ஆப்பு!"

"ஆபேசாம் கதா சார்!" என்றார் சுரேஷ்பாபு, நிறுத்திவிட்டோமே என்று இரண்டு கைகளையும் விரித்து.

"ஆப்பு! ஆப்பு! ஆப்பு!"

"இங்கேம் ஆபாலி சார்?"

இன்னும் எதை நிறுத்துவது? நியாயமான கேள்விதான். அவர் கத்தக் கத்த, ஊரில் நடந்துகொண்டிருந்த எல்லாமே நின்றது. ஒரு கயிற்றுக்காரன் நிறுத்தியதற்கு அடையாளமாகக் கயிற்றையே கீழே போட்டான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "மாப்ள சொல்றாரு இல்ல, நிறுத்துங்கடா!" என்று பச்சையப்பனும் சேர்ந்து கத்தினார். நிற்காமல் நகர்ந்தது மரம் ஒன்றுதான்.

இரண்டு பாஷையிலும் பிறந்து வளர்ந்த வரலட்சுமிக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கியது. "லாகண்டி! லாகண்டி!" என்று, இழுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே கீழே கிடந்த கயிற்றைத் தானே எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். ஆட்களும் பாய்ந்து பிடித்தார்கள். "அன்னா, செக்க பெட்டு!" என்று அவள் கூவியதும், மரக்கட்டையை வெட்டில் செருகச் சொல்கிறாள் என்று சுரேஷ்பாபுவுக்குப் புரிந்தது. கோணிப்பையை உதறி, ஆப்பை எடுத்து வெட்டில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார். ஒன்று. இன்னொன்று. மரம் யோசித்தது. கயிறு விறைத்தது. பிறகு மரம் நிமிர்ந்து, காலி மனையைப் பார்த்து, மனமில்லாமல் போய் விழுந்தது. தெருவில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் ஒரு முறை குலுங்கின.

புழுதி அடங்கியது. செட்டின் தகரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தெரு கைதட்டியது. கோகுலகிருஷ்ணன் சுவரைவிட்டு விலகி, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

வரலட்சுமி நேராக அவரிடம் வந்தாள். கயிறு அறுத்த உள்ளங்கைகள் சிவந்திருந்தன. விழுந்த மரத்தை அவள் பார்க்கவில்லை. செட்டைக்கூடப் பார்க்கவில்லை.

"செட்டு போனா போவுது, இன்னொரு செட்டு போட்டுக்கலாம்" என்றாள். "ஊரையே வெரட்டிட்டு நீ எங்கய்யா நின்னுக்கினு இருந்தே? எங்க நின்னுக்கினு இருந்தே?"

அவர் திரும்பிப் பார்த்தார். அடிக்கட்டையைப் பார்த்தார், செட்டுச் சுவரைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் தம் செருப்புத் தடத்தைப் பார்த்தார். மரம் பின்னால் வந்திருந்தால் முதலில் சந்தித்திருக்கக்கூடியது தகரத்தை அல்ல. செட்டுக்காக அவள் கயிற்றைப் பிடித்தாள் என்று அவர் நினைத்திருந்தார். அது அப்படி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கியது. காலையிலிருந்து ஓயாத கை எந்தத் திசையையும் காட்டாமல் தொங்கியது.

இதோடு அவர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் கம்பெனி பஸ்ஸில், நாகலாபுரம் வருவதற்குள் முழுக் கதையையும் சொல்லிமுடித்தார். கேலி தம் தலையிலேயே விழும்படி நன்றாகத்தான் சொன்னார். செட்டு, ஆப்பு, இங்கேம் ஆபாலி, எல்லாவற்றுக்கும் பஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தாம் நின்ற இடத்தை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது கிடக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள். முதுகு வெட்டைத் தொடங்கும்போதே ஆப்பை எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டாமா என்று உங்களுக்குத் தோன்றியதுதானே? கயிற்றை ஆள் பிடிப்பதற்குப் பதிலாக ஒரு டிராக்டரில் கட்டியிருக்கலாம், கிரேனே கொண்டுவந்திருக்கலாம் என்றும் தோன்றியிருக்கும். படிக்கும்போதே கை லேசாக உயர்ந்து, மரம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று காற்றில் காட்டியிருக்கும். வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, நமக்குள் என்ன? யோசனைகள் எல்லாம் அருமையானவை. ஆனால் அவற்றைச் சொல்வதற்கு முன்னால், நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.