தொப்பிக்குள் ஒரு தாள்

காவல் நிலையத்தில், சார்ஜென்ட் ஹரலம்பியேயின் சொந்தத் தொப்பிக்குள் அந்தத் தாள் இருந்தது.

"நாம் சுடும் ரொட்டி நமக்கு ஏன் கிடைப்பதில்லை? நம் குழந்தைகள் குளிரில் ஏன் கோட்டோடு தூங்குகிறார்கள்? ஒருவர் கேட்டால் பிடிப்பார்கள். எல்லாரும் கேட்டால் யாரைப் பிடிப்பார்கள்? ஞாயிறு, பத்து மணி, சதுக்கம்."

தட்டச்சில் அடித்தது. பெயரில்லை.

தொலைபேசியில் மேஜர் துதோசெ கத்தினார். "யோவ், தலைநகர் புகாரெஸ்டுக்குத் தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது! சனிக்கிழமைக்குள்ள ஆள் கிடைக்கலைன்னா நீ சுரங்கத்துக்குத்தான் போவே. காவலுக்கு இல்ல, வெட்டறதுக்கு!"

ஹரலம்பியே நாற்காலியில் விழுந்தார். "போலீஸ்காரன் தொப்பியில போட்டிருக்கானே, எவ்வளவு பெரிய முட்டாளா இருப்பான்?"

"முட்டாள்தான் சார்," என்றாள் தரை துடைக்கும் வெத்தூரியா. "காலைத் தூக்குங்க."

ஊரில் யாரிடம் தட்டச்சுப் பொறி இருந்தாலும் ஆண்டுதோறும் அதன் எழுத்து மாதிரியை நிலையத்தில் கொடுக்க வேண்டும். மொத்தம் நாற்பத்தொரு பொறிகள். ஒன்றும் பொருந்தவில்லை. எழுத்துகள் தேய்ந்திருக்கும் என்று எண்ணி, ஹரலம்பியே எல்லாரிடமும் புது மாதிரி கேட்டார். ஒப்பிட வசதியாக அதே வாசகத்தையே அடிக்கச் சொன்னார்.

ரொட்டி ஆலையின் தட்டச்சர் ஸம்ஃபிரா கடைசியாக, அவர் முன்னாலேயே அடித்து, மேல் தாளை மட்டும் உருவி நீட்டினாள்.

"அடியில என்ன?"

"கார்பன் நகல் நாலு. ஃபைலுக்கு, டைரக்டருக்கு, கட்சி ஆபீசுக்கு, யூனியனுக்கு. எப்பவும் அப்படித்தானே, தோழர்?"

ஹரலம்பியே அந்த நாலையும் எண்ணிப் பார்த்தார். "நாற்பத்தொரு பேருமா?"

"பின்னே? உங்க முத்திரையோட வந்த உத்தரவாச்சே!"

நூற்று அறுபத்து நான்கு நகல்கள். அவற்றைத் திரும்பக் கேட்டு அன்றே சுற்றறிக்கை அனுப்பினார். அதுவரை ஃபைலைப் பிரிக்காதவர்களும் பிரித்துத் தேடினார்கள், படித்தார்கள்.

திரும்பி வந்தவை இருநூற்றுப் பத்து.

நாற்பத்தாறு கையால் எழுதியவை! வேறு வழியில்லாமல் ரொட்டி வரிசையில் நின்றவர்களிடம் கையெழுத்து மாதிரி வாங்கப் போனார். வரிசை நீளம். கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டுமே என்று, அந்த வாசகத்தை ஒலிபெருக்கியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ரெண்டாவது வரியை இன்னொரு தடவை சொல்லுங்க, தோழர்!" என்றது வரிசை.

சொன்னார்.

ஞாயிறு பத்து மணிக்குச் சதுக்கத்தில் நிற்க இடமில்லை. மேஜரின் ஜீப் பாலத்தருகே வந்து, கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. ஊரே ஒரே குரலில் சொல்லத் தொடங்கியது. ரொட்டி, கோட்டு, "ஒருவர் கேட்டால் பிடிப்பார்கள்..." அங்கே பயத்தில் குரல்கள் தேய்ந்து நின்றன.

"எல்லாரும் கேட்டால் யாரைப் பிடிப்பார்கள்?" என்று ஒரு குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். ஐந்து நாளாகப் பூதக்கண்ணாடியில் அதையே படித்துக்கொண்டிருந்த ஹரலம்பியேயின் வாய் அது. அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தது.

ஒருவழியாகத் தப்பி வந்து வெத்தூரியாவின் பக்கத்தில் ஒதுங்கினார். "ஒரே ஒரு தாள்மா! எவனோ ஒருத்தன், ஒரே ஒரு தாளை வெச்சு..."

வெத்தூரியா அவருடைய தொப்பியை நேராக்கிவிட்டாள்.

"நம்ம நிலையத்து மெஷின்ல ஒரு தாளுக்கு மேல அடிக்க எனக்கு நேரமில்ல சார், மிச்சத்தை நீங்க பார்த்துப்பீங்கன்னுதான் தொப்பியில வெச்சேன்."