குப்பியாரின் வீட்டுக் குழாய்

விடிவதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஆளுக்கொரு கண்ணாடிக் குப்பி, அதைச் சுற்றிச் சிவப்புத் துணி. ஏதோ இலவசமாகத் தருகிறார்கள் என்று நினைத்து வந்து நின்ற ஒருவர், விஷயம் தெரிந்த பிறகும் விலகவில்லை. வந்ததே வந்தோம், நம் வீட்டிலும் ஒரு சாபம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்திருப்பார்.

வரிசையின் மறுமுனையில், தெருவின் நடுவே பூட்டிக்கிடக்கும் சைக்கிள் கடையின் மாடியில், குப்பியார் அமர்ந்திருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மகான்களுக்குப் பெயர் எதற்கு? அவருடைய முறை மிகவும் எளிமை. அவர் தரும் குப்பியில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மூடி, துணி சுற்றி, அடுப்படியில் வைத்துவிட வேண்டும். சாபம் பிடித்த வீடென்றால் மறுநாளோ அதற்கு மறுநாளோ தண்ணீர் கரியாகக் கறுத்துவிடும். கறுத்தால் பரிகாரம். பரிகாரம் முடிந்ததும் புதுக் குப்பி ஒன்று தருவார். அது கறுக்காது. ஆஹா!

நான் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். வரிசைக்கு டோக்கன் அச்சடித்துக் கொடுத்தவனும் நானே. தொழில் வேறு, கொள்கை வேறு. ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் தெரு ஒரு சரிவு. கீழ்ப்பாதியில் ஒரு வீடு விடாமல் கறுத்தது. மேல்பாதியில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

"சாபத்துக்கு மூட்டு வலி போல, மேடு ஏற முடியலை" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கறுத்ததற்குக் காரணமும் அவரே சொல்வார். ஒரு வீட்டில் பழைய பீரோ. இன்னொரு வீட்டில் வாசற்கதவு. கீழ்ப்பாதியில், என் கடைக்கு அடுத்திருக்கும் தையல்காரர் வீட்டில் மட்டும் காரணம் இரண்டு காலோடு நடமாடியது.

"தண்ணி பிடிச்ச கை யாரோடது?" என்று கேட்டார் குப்பியார்.

"மருமகளோடதுங்க சாமி" என்றார் தையல்காரரின் அம்மா.

"அந்தக் கை அந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் தண்ணி வெளுக்காது. உங்க பேரனுக்கு வயித்தால போறதும் நிக்காது."

முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மருமகள் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும், குழந்தை இங்கேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. இன்னும் பால்குடி மறக்காத குழந்தை! தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர், அம்மாவின் பேச்சுக்கு அளவு வைக்கத் தெரியாதவர்.

வெள்ளிக்கிழமை தையல்காரரின் அக்கா விடுப்பில் வந்து இறங்கினாள். பெரிய ஆராய்ச்சிக்காரி. என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் அவள் அம்மா உடனே பேச்சை மாற்றிவிடுவார். ஏனென்றால், சாக்கடை ஓரத்து மண்ணையும் குளத்துத் தண்ணீரையும் அள்ளிப்போய், அதில் மனித மலத்தின் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. தெருவில் அவளுக்கு 'கக்கூஸ் டாக்டர்' என்று பெயர். அவளுக்கும் தெரியும், சிரித்துக்கொள்வாள்.

அடுப்படியில் இருந்த கறுப்புக் குப்பியைக் கண்டதும் அவள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அம்மா, இது எங்க ஆய்வகத்துல அலமாரி நிறைய இருக்கு."

"உங்க ஆபீஸுக்கும் சாபமா?"

"சாபம் இல்லைம்மா. மலம்."

"சீச்சீ! சாப்பிடுற நேரத்துல என்ன பேச்சு இது?"

"சாப்பிடுற நேரம்னுதான் சொல்றேன். அடியில ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பாரு. அதுல மருந்து தடவியிருக்கு. மனுஷன் குடல்ல இருந்து வர்ற கிருமி தண்ணியில இருந்தா, அந்த மருந்தைத் தின்னு கறுப்பாக்கிடும். சாக்கடைத் தண்ணி எங்கயோ குழாய்க்குள்ள கசியுது. அதைத்தான் குழந்தைக்கு ஊத்திக்கிட்டு இருக்கீங்க."

"அப்ப பரிகாரக் குப்பி ஏன் கறுக்கலையாம்?"

அவள் பக்கத்து வீட்டுப் பரிகாரக் குப்பியை வாங்கி வந்து காட்டினாள். அடியில் காகிதமே இல்லை. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு, "இதையெல்லாம் சாமி முன்னால சொல்லு பார்ப்போம்" என்றார்.

சொன்னாள். முழு வரிசையும் கேட்கும்படி, மாடிப்படியில் நின்று சொன்னாள்.

"உங்க குப்பியிலேயே மூணு குடுங்க சாமி. காகிதம் ஒட்டினதா இருக்கட்டும். ஒண்ணுல எங்கம்மா அவங்க கையால குழாய்த் தண்ணி பிடிப்பாங்க. இன்னொண்ணுல, சாபம் பிடிச்சவன்னு சொன்னீங்களே, எங்க வீட்டு மருமக, அவ அதே தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்தி ஊத்துவா. மூணாவது, உங்க வீட்டுக் குழாய்."

"என் வீட்டிலா?" குப்பியாரின் தாடி லேசாக ஆடியது. "எனக்குச் சாபம் ஏதம்மா? நான் குழாய்த் தண்ணியைத் தொடுறதே இல்லை."

"அப்புறம் எதைக் குடிக்கிறீங்க?"

பதில் வருவதற்குள் யாரோ திரையை விலக்கிவிட்டார்கள். உள்ளே சுவரோரம் வரிசையாகக் கேன் தண்ணீர். தெருவுக்கே சாபம் கழிப்பவர் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்! கூட்டத்தில் சிலர் இருமினார்கள். இனி மறுத்தால் மானம் போகும். மகான் தலையசைத்தார்.

மூன்று குப்பிகளும் நிரம்பின. மூடிமேல் ஒட்டுநாடா சுற்றி ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

"கிருமி வளர இளஞ்சூடா ஒரு இடம் வேணும். உங்க மிஷின் பக்கத்துல வச்சுக்கலாமா அண்ணே?" என்று ஆராய்ச்சிக்காரி என்னிடம் கேட்டாள். ஜெராக்ஸ் இயந்திரத்தை ஒட்டிய கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சனிக்கிழமை குப்பியார் என் கடைக்கு வந்து தன் அடையாள அட்டையை நகலெடுத்தார். சிறிது நேரத்தில் மறுபடி வந்தார். மறுபடியும் வந்தார். கண் மட்டும் அலமாரியில்.

"மிஷினை அணைச்சு வைக்கலாமே? கரண்ட் மிச்சமாகும்" என்றார் கனிவாக.

"இருக்கட்டும் சாமி. சாபத்துக்குக் குளிரும்" என்றேன்.

ஞாயிறு காலை. தையல்காரர் வீட்டு வாசலில் மருமகளின் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் குழந்தையை இடுப்பைவிட்டு இறக்காமல் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குப்பியார் உட்படத் தெருவே என் கடைமுன் கூடியிருந்தது. அலமாரியைத் திறந்தேன்.

மாமியார் பிடித்த குப்பி கறுப்பு.

மருமகள் கொதிக்க வைத்து ஊற்றியது தெள்ளத்தெளிவு.

குப்பியார் வீட்டுக் குப்பி? தார் தோற்றது.

"சாமி, உங்க வீட்டுல யாரை வெளியே அனுப்பப்போறீங்க?" என்றாள் ஆராய்ச்சிக்காரி. "நீங்க தனியாத்தானே இருக்கீங்க?"

தெரு வெடித்துச் சிரித்தது. நாலைந்து கைகள் குப்பியாரின் சட்டையைப் பிடித்தன. இழுத்த இழுப்பில் தாடி ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. அவர் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அடியில் இருந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

"நீ வீடு வீடா வந்து தண்ணி வடிகட்டி வித்தவன் இல்ல?" என்றேன்.

"ஆமாங்க" என்றான், கோபமாகவே. "இதே குப்பியை எடுத்துக்கிட்டு இதே தெருவுக்குத்தான் வந்தேன். உங்க தண்ணியில சாக்கடை கலக்குது, குழாயைப் பாருங்கன்னு கத்தினேன். ஒருத்தராவது உள்ள கூப்பிட்டீங்களா? நாயை அவிழ்த்து விட்டீங்க. அப்புறம் தாடி வச்சுக்கிட்டு வந்து சாபம்னேன். நாற்காலி போட்டீங்க!"

பிடித்த கைகள் தளர்ந்தன. அவன் அந்த இடுக்கு வழியாகவே நழுவிவிட்டான். துரத்திக்கொண்டு ஓட யாருக்கும் முகம் இல்லை.

"குழாய் எங்க உடைஞ்சிருக்குன்னு தோண்டிப் பார்க்கணும்" என்றாள் ஆராய்ச்சிக்காரி. "அநேகமா சைக்கிள் கடை வாசல்ல. அங்க இருந்து கீழ மட்டும்தானே கறுக்குது, வேற எங்கயும் இருக்க முடியாது. யார் வர்றீங்க?"

ஒருவருக்கு அவசர வேலை. இன்னொருவருக்கு இடுப்புப் பிடிப்பு. பெரிய மனிதர் ஒருவர் மட்டும் பயபக்தியோடு அருகில் வந்து, "ஏம்மா, குப்பி ரொம்பக் கறுத்தா ஏதாவது விசேஷ பலன் உண்டா?" என்று விசாரித்தார்.

தையல்காரரின் அம்மா குனிந்து வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கினார். "உள்ள வா. நடந்ததை மறந்துடு" என்றார்.

மருமகள் அசையவில்லை. "பெட்டியை உள்ள வைங்க அத்தை. மறக்கச் சொல்லாதீங்க" என்றாள். குழந்தையைக் கணவன் கையில் கொடுத்தாள். வாசலோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்காரியோடு சைக்கிள் கடைப் பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

சாபம் கழிக்கத் தெருமுனை தாண்டி நின்ற வரிசையில், குழி தோண்ட வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். தண்ணீரைக் கொதிக்க வைக்க அடுப்பு போதும், அன்பர்களே. மூளையை அவரவரேதான் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.