நிறைய வைரஸ் பிடிக்கிற சாமான்

நோய் ஒன்றும் இல்லை என்று சொல்லுகிற வைத்தியரை எங்கள் சனம் நம்பாது. வரிசையில் காத்திருந்து, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு வருகிறவனுக்கு ஒரு நோயாவது கிடைக்க வேண்டாமா? குறைந்தது இரண்டு நிறத்தில் குளிசையும் ஓர் ஊசியும். (ஊசி போடாமல் திரும்பி வந்தவனை வீட்டிலே நோயாளியாகவே மதிக்க மாட்டார்கள்.) இந்த நம்பிக்கையை நான் மனிதரோடு நிறுத்தியிருக்கலாம். கணினிக்கும் கொண்டுபோனேன்.

அப்போது நாங்கள் வவுனியாவில், குருமன்காட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். விசுவமடுவில் இருந்து வெளிக்கிட்டு, இடையில் சில இடங்களில் இருந்து எழும்பி, கடைசியில் அங்கே வந்து நின்றோம். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞன். என் மனைவி மலர் தட்டச்சுப் பழகியவள். கணினி வகுப்புக்கும் போய் வந்திருந்தாள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கிற அன்று உலகத்துக் கணினி எல்லாம் நின்றுபோகும் என்று பத்திரிகைகள் பயமுறுத்தின. எங்களுக்குப் பயமில்லை. நிற்பதற்கு எங்களிடம் ஒரு கணினி இருக்கவில்லை.

அந்தக் குறையை அடுத்த சில மாதங்களில் சுவிஸில் இருக்கிற அத்தான் காசு அனுப்பித் தீர்த்து வைத்தார். வீட்டிலே இருந்தபடி மலர் தமிழில் தட்டச்சுச் செய்து கொடுக்கலாம் என்பது திட்டம். கணினி வந்து இறங்கியதும் மலர் அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்தாள். நான் ஊரெல்லாம் போய் ஆலோசனை கேட்டேன். எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "வைரஸ் கவனம்!"

எங்களுக்கு வந்த முதல் வேலையே ஒரு கல்வெட்டு. காலமானவரின் படமும் வரலாறும் தேவாரமும் சேர்த்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்துக் கொடுப்பார்களே, அந்தச் சின்னப் புத்தகம். காலமானவர் பரந்தனில் மருந்துக்கடையோடு வைத்தியம் பார்த்த டொக்டர் ஐயா. வன்னியில் அவரிடம் நாக்கு நீட்டாதவர்கள் குறைவு. அவர் எங்கள் சனத்தின் விருப்பத்துக்கு நேர் எதிரான வைத்தியர். "உனக்கு ஒண்டுமில்லை, போய்ச் சுடுதண்ணியைக் குடி" என்று கலைத்துவிடுவார்.

வேலையைத் தந்தது அவருடைய மனைவி பரமேஸ்வரி ரீச்சர். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அவருக்கு முன்னால் நாங்கள் ளகரத்தையும் ழகரத்தையும் வாயிலேயே பிரித்துப் பேசுவோம். கணவர் போனதிலிருந்து அவர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை என்று சனம் கதைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த நாட்களில் நானும் கண்டேன். ஒரு தாளைக் கையில் கொடுத்தால் சிவப்புப் பேனையை எடுப்பார், பிழை திருத்துவார், எழும்பிப் போவார். அவ்வளவுதான்.

மலர் முழுவதையும் அடித்து முடித்திருந்தாள். மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அன்று பின்னேரம் ரீச்சர் கடைசித் தடவையாகப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்தப் பகலில்தான் எனக்குப் பொறுப்புணர்ச்சி வந்தது. 'இவ்வளவு பெரிய மனிதரின் வரலாற்றைக் காவல் இல்லாமல் வைத்திருக்கிறோமே!'

என்னிடம் வைரஸ் பிடிக்கிற சீடிகள் மூன்று சேர்ந்திருந்தன. ஒன்று கணினிக் கடைக்காரர் தந்தது. இன்னொன்று சங்கத்தில் என்னோடு வேலை செய்த குணம் கொழும்பில் இருந்து கொண்டுவந்தது. மூன்றாவதும் குணம் தந்ததுதான். அதைத் தரும்போது குரலைத் தாழ்த்தி, "இது கொஞ்சம் கடுமையானது, பாவிக்கேக்கை கவனம்" என்று சொன்னான். (கடுமையானது என்றால் நல்லது என்பது என் அன்றைய அகராதி.)

மலர் சந்தைக்குப் போயிருந்தாள். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தேன். கடைக்காரருடையது கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, வைரஸ் எதுவும் இல்லை என்றது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. புதுக் கணினியில் வைரஸ் எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை. 'இவன் சுடுதண்ணி டொக்டர்' என்று கழற்றினேன். இரண்டாவது, சந்தேகமான ஒன்றைக் கண்டதாகச் சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்றது. உறுதியில்லாத ஆள். அதையும் கழற்றினேன்.

மூன்றாவதை ஓடவிட்டதும் கணினி அம்புலன்ஸ் மாதிரிக் கத்தத் தொடங்கியது. திரை சிவந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள் ஓடி வந்தன. நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். உடம்பெல்லாம் சந்தோஷம். 'சாமான் எண்டால் இதல்லோ சாமான்! எத்தினை பிடிச்சிட்டுது!' கடைசியில் அது பணிவாகக் கேட்டது: எல்லாவற்றையும் அழிக்கவா? பட்டியலைப் பார்த்தேன். ஒரு பெயரும் எனக்குப் பழக்கமில்லை. முன்பின் தெரியாத ஆட்கள் வீட்டுக்குள்ளே இருந்தால் வெளியேற்றத்தானே வேண்டும்? அழுத்தினேன். கணினி அமைதியானது. நான் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

மலரும் ரீச்சரும் வாசல் படலையடியில் சந்தித்து, ஒன்றாகவே உள்ளே வந்தார்கள். நான் ரீச்சருக்குக் கதிரை இழுத்துப் போட்டு, திரையைத் திறந்தேன்.

"அமரர்" என்று தொடங்க வேண்டிய இடத்தில் "mkuu;" என்று நின்றது. அதற்குக் கீழே தலைமுதல் கால்வரை அதே சாதி. காற்புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி, தலைகால் இல்லாத இங்கிலிஷ் எழுத்து. டொக்டர் ஐயா பிறந்ததும் படித்ததும் வைத்தியம் பார்த்ததும் எல்லாம் யாரோ கோழியை விசைப்பலகையில் விட்டு அடித்தது போலக் கிடந்தன.

ரீச்சர் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"தம்பி, இது என்ன பாஷை?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அது ரீச்சர், கணினிக்குள்ளை இருக்கேக்கை இப்பிடித்தான் இருக்கும். பேப்பரிலை இறங்கேக்கை தமிழாகும்."

"அப்பிடியோ? அப்ப இறக்கும், பாப்பம்."

பிரிண்டர் பலகை அரிகிற சத்தத்தோடு ஒரு தாளை இறக்கியது. இறங்கியது தமிழ் அல்ல. அதே கோழி, இப்போது கறுப்பு மையில். ரீச்சர் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனையைத் திறந்தார். தாளின் மேலே கொண்டுபோனார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனை அந்தரத்தில் நின்றது.

"இஞ்சருங்கோ," என்றாள் மலர் மெதுவாக, "நான் சந்தைக்குப் போனாப் பிறகு என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. வைரஸைத்தான் அழிச்சனான்."

"எத்தினை?"

"நிறைய" என்றேன். (அந்த நிலைமையிலும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததாக மலர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.)

விஷயம் இதுதான். இங்கிலிஷ் விசையை அழுத்த, திரையில் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. எங்களுடைய தமிழ் எழுத்துருவை அந்தச் சீடியில் இருந்த காவல்காரன் அதற்கு முன் கண்டதில்லை. கண்டதில்லை என்றபடியால் கள்ளன் என்று பிடித்தான். நானும் அழிக்கச் சொன்னேன். இது எனக்குப் பிறகு விளங்கியது. அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: நாளைக்கு அச்சகம், பிறகு அந்தியேட்டி, டொக்டர் ஐயாவின் வாழ்க்கையை நான் தின்றுவிட்டேன்.

"ரீச்சர், என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ. எல்லாம் அழிஞ்சு போட்டுது" என்றேன்.

ரீச்சர் தாளை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவர் என்னைக் கரும்பலகைத் துடைப்பானால் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மலர் குனிந்து திரையைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் மேசைவிளிம்பில் தாமாக அசைந்தன.

"பொறுங்கோ. எம் அமத்தினால் அகரம். கே, மகரம். யூ, ரகரம்... இது 'அமரர்' தான். ரீச்சர், இது நான் அடிச்ச விசையள் அப்பிடியே கிடக்கு! எழுத்து ஒண்டும் அழியேல்லை!"

பிறகு அவள் வாசிக்கத் தொடங்கினாள். கண் திரையில், விரல் மேசையில். விரல் சொல்லச் சொல்ல வாய் வாசித்தது. முதலில் தட்டித் தடவி, பிறகு வேகமாக. டொக்டர் ஐயா பிறந்தார், படித்தார், பரந்தனில் கடை திறந்தார், மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளிலே தூக்கிக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் நோயாளியிடம் போனார். ரீச்சரைக் கைப்பிடித்த இடம் வந்தபோது ரீச்சரின் தோள் குலுங்குவதைக் கண்டேன். 'அழுகிறா' என்று நினைத்துத் தண்ணி எடுக்க எழும்பினேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் தொடங்கிய சிரிப்பு, சத்தமாகி, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கிற அளவுக்குப் போனது.

"எங்கடை அவரின்ரை எழுத்தும் இப்பிடித்தான் தம்பி! ஒரு மனுசருக்கும் விளங்காது. கலியாணம் பேசி முடிஞ்சாப் பிறகு எனக்கு ஒரு கடிதம் போட்டவர். நான் தமிழ் படிப்பிக்கிறவள், ஒரு சொல் வாசிக்கேலாமல் போட்டுது. கடைசியிலை அவரின்ரை மருந்துக்கடையிலை மருந்து குடுக்கிற ஐயாவிட்டைத்தான் கொண்டுபோனனான்."

"அவர் வாசிச்சாரோ ரீச்சர்?" என்று மலர் கேட்டாள்.

"வாசிச்சார். 'உம்மை நினைச்சபடி இருக்கிறன்' எண்டு வாசிச்சுப்போட்டு, பழக்கத்திலை, 'ஒரு நாளைக்கு மூண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு' எண்டார்."

நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரிப்பு முடிகிற இடத்தில் ரீச்சர் அழுதார். மலர் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கணினிக்கு உறை போட்டேன்.

பிறகு மலர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தான் படித்த கணினி வகுப்புக்குப் போய், எழுத்துருவை டிஸ்கில் வாங்கி வந்தாள். அதை உள்ளே போட்டதும் அம்புலன்ஸ் மறுபடி கத்தியது. எங்கள் காவல்காரன் தமிழை இரண்டாம் தரம் பிடித்துவிட்டான். அவனைக் கலைக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. கதவால் போ என்றால் யன்னலால் வந்தான். ஒருவழியாக அவனை அனுப்பிவிட்டு, கடைக்காரரின் சுடுதண்ணி டொக்டரையே கூப்பிட்டு இருத்தினோம். அவர் வைரஸ் ஒன்றும் இல்லை என்றார். திரையில் தமிழ் வந்தது. ரீச்சர் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து, நான்கு சந்திப்பிழைகளைக் கண்டுபிடித்தார்.

போகும்போது அவர் ஒரு வேலை சொன்னார்.

"கடைசிப் பக்கத்திலை 'ஓம் சாந்தி' எண்டு இருக்கெல்லோ பிள்ளை? அந்த ஒண்டை மட்டும் அவரின்ரை எழுத்திலை விடு."

"ரீச்சர், சனம் என்ன நினைக்கும்?" என்று நான் பதறினேன்.

"அவர் எழுதினதெண்டு நினைக்கட்டும்."

அப்படியே அச்சாகியது: Xk; rhe;jp. அந்தியேட்டி அன்று சனம் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒருவர் இது ஏதோ மருந்தின் பெயர் என்றார். ஜெர்மனியில் இருந்த உறவினர்கள் நோர்வேப் பாஷை என்று நினைத்தார்களாம். நோர்வேயில் இருந்தவர்கள் ஜெர்மன் என்று நினைத்தார்களாம். ரீச்சர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அன்றோடு, ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லுகிற 'ஓம்' என்ற சொல் செத்துப்போனது. அச்சில் நின்ற Xk; 'எக்ஸ்கே' ஆகி அந்த இடத்துக்கு வந்தது. சாப்பிட்டாச்சோ? எக்ஸ்கே. கதவு பூட்டியாச்சோ? எக்ஸ்கே. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பிறந்த எங்கள் மகள் அதுதான் தமிழ் என்று நினைத்தே வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டபோதும் அப்படியே சொல்லி ஏச்சு வாங்கிக் கட்டினாள்.

போன வருஷம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், நல்ல மனிசி, அவளைப் பக்கத்தில் இருத்தி, "பிள்ளைக்குச் சம்மதமோ?" என்று கேட்டார். மகள் வெட்கப்பட்டு, குனிந்து, "எக்ஸ்கே" என்றாள்.

அந்த அம்மா குழம்பிப்போய் மலரைப் பார்த்தார்.

மலர் சிரிக்காமல் சொன்னாள்: "ஓம் எண்டுறா. எங்கடை வீட்டிலை தகப்பன் எழுத்துகளை அழிச்சுப்போட்டார்."